கடல் கடக்கும் சிறு விமானமும் எட்டும் கரையும்

மருத்துவமனையின் இதழில் விமானத்தைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என்று வாசகர்களுள் சிலர் எண்ணக்கூடும். இன்று அறுவை அரங்குகளில் கைக்கொள்ளப்படும் பாதுகாப்பு முறைகளுள் பல, விமானிகளிடமிருந்து மருத்துவ உலகம் கற்றுக்கொண்டவை. அம்முறைகள் எப்படித் தோன்றின என்பதை அறிந்தால், அறுவைக்கு முன்னர் ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று முறை கேட்பது ஏன் என்பது நோயாளர்க்கும் உடனிருப்போர்க்கும் எளிதில் விளங்கும். ஆகவே, ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறு விமானமொன்று கடலைக் கடந்து மலைகள் நிறைந்த ஒரு தீவைப் பாதுகாப்பாகச் சென்றடைவது எவ்வாறு என்பதை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

எதிர்க்கரையில் ஒரு மலைத்தீவு

இதற்கான எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. விளாத்திகுளம் வட்டத்தின் கரிசல் நிலம் தென்கிழக்கே வேம்பாற்றுக் கடற்கரையில் முடிகின்றது. அங்கிருந்து மன்னார் வளைகுடாவைக் கடந்தால் இலங்கை. நம் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை சமநிலம்; எதிர்ப்பக்கத்திலோ, கரையோரச் சமவெளிக்கு அப்பால் மலைநாடு எழுந்து நிற்கின்றது. அங்குள்ள பீதுருதாலகால மலையின் உயரம் 2,524 மீட்டர். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர்.

இக்கடலைச் சிறு விமானங்கள் கடந்த வரலாறு தொண்ணூறு ஆண்டுப் பழமை உடையது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக ஒரு விமானம் தரையிறங்கியது. அது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'புஸ் மாத்' என்னும் சிறு விமானம். ஓட்டி வந்தவர் சென்னை விமானப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநரான டிண்டேல் பிஸ்கோ. இதே வகை விமானத்தில்தான் 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டு வந்தார். 1938இல் அந்த அஞ்சல் தடம் கொழும்பு வரை நீண்டது. செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாத காலம் அது. விமானியிடம் இருந்தவை திசைகாட்டி, கடிகாரம், வரைபடம் ஆகியவையும் புறப்படுமுன் செய்த கணக்குமே.

எட்டும் கரை எங்கே?

அக்கணக்குகளுள் முதன்மையானது இது: நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் என் விமானம் எவ்வளவு தொலைவு செல்லும்?

இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை. சிறு விமானம் சிறகுகளின் துணையால் சறுக்கியவாறு இறங்கும். காற்றில்லாத வேளையில், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவு வரை அதனால் சறுக்கிச் செல்ல இயலும். உயரம் கூடக் கூட எட்டும் தொலைவும் கூடும். எதிர்க்காற்று வீசினால் அது குறையும்.

இனி வரைபடத்தைப் பார்ப்போம். தூத்துக்குடியிலிருந்து நேரே கடலைக் கடந்து கற்பிட்டிக் கரையைத் தொட ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டும். 3 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் புறப்பட்ட கரையிலிருந்து 27 கிலோமீட்டரும், சேரும் கரைக்கு முன் 27 கிலோமீட்டரும் மட்டுமே பாதுகாப்பான பகுதி. இடைப்பட்ட 136 கிலோமீட்டரில் இயந்திரம் நின்றால் எந்தக் கரையும் எட்டாது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்திற்கு அது முக்கால் மணி நேரப் பயணம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடலோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அதன் நடுப்புள்ளியிலிருந்து இரு கரையும் 15 கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் பறந்தால் எந்த நொடியில் இயந்திரம் நின்றாலும் ஏதேனும் ஒரு கரையை எட்டிவிடலாம். முதலில் வடகிழக்காகச் சுற்றிச் சென்று, கடந்தபின் கரையோரமாகத் தெற்கே திரும்ப வேண்டியிருப்பதால் இவ்வழி நீண்டது. எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். இரு நாட்டு அனுமதியும் சுங்க நடைமுறையும் வான்வெளிக் கட்டுப்பாடுகளும் இன்று வழியைத் தீர்மானிக்கும் என்பது வேறு செய்தி. கணக்கின் பொருளை மட்டும் இங்குக் கவனத்தில் கொள்வோம்: நீண்ட வழியில் ஆபத்தான நேரம் இல்லை, குறுக்கு வழியில் அது முக்கால் மணி.

இக்கணக்கு நோயாளரின் இல்லத்திற்கும் பொருந்தும். அறுவை முடிந்து வீடு திரும்புபவர் மருத்துவமனையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருப்பார்? இரவு பத்து மணிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டால் எந்த வண்டி கிடைக்கும்? கடைசிப் பேருந்து போனபின் ஊருக்குள் யாரிடம் வாகனம் உள்ளது? 108 ஊர்தி வந்து சேர எவ்வளவு நேரமாகும்? கரிசல் மண் மழையில் சேறானால் ஊர்ப்பாதையில் வண்டி வருமா? தொலைவில் உள்ள சிற்றூருக்குச் செல்வோர், முதல் சில நாள்களுக்கு மருத்துவமனைக்கு அருகில் உறவினர் இல்லத்தில் தங்குமாறு மருத்துவர் கூறினால், அதை வீண் செலவாகக் கருத வேண்டாம். அது தனுஷ்கோடி வழியாகச் சுற்றிச் செல்வதைப் போன்றதே.

நீருக்கு ஆயத்தம்

எட்டும் கரை இல்லாத இடத்தைக் கடந்தே ஆக வேண்டும் எனின், நீரில் இறங்க நேரிடும் என்று கருதியே விமானி ஆயத்தமாகின்றார். உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் இருந்தால் பயனில்லை. ஒற்றை இயந்திர விமானத்தில் அதைப் புறப்படும்போதே அணிந்துகொள்ள வேண்டும். ஆனால் காற்றடைத்து உப்பச் செய்வது விமானத்தை விட்டு வெளியேறிய பின்னரே. 1996ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானமொன்று எரிபொருள் தீர்ந்து கொமோரோத் தீவுக்கு அருகே கடலில் இறங்கியது. அதிலிருந்த 175 பேரில் 125 பேர் இறந்தனர். உள்ளேயே அங்கியை உப்பச் செய்தவர்கள், நீர் புகுந்தபோது கூரையோடு மிதந்து வெளியேற முடியாமல் சிக்கினர். கருவி கையில் இருப்பதோடு, அதை எப்போது பயன்படுத்துவது என்று அறிந்திருப்பதும் வேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

எரிபொருளையும் மூன்று அடுக்காகக் கணக்கிடுவர். சென்று சேர ஓர் அளவு. அங்கே இறங்க இயலாவிடில் மாற்று நிலையத்தை அடைய ஓர் அளவு. அதற்கும் மேல் முக்கால் மணி நேரம் பறக்கத்தக்க இருப்பு. இன்சுலின், வலிப்பு மாத்திரை, இதய நோய் மாத்திரை ஆகியவற்றை நாள்தோறும் எடுத்துக்கொள்வோர், கடைசி மாத்திரையை விழுங்கியபின் கடைக்குச் செல்லும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். குறைந்தது ஒரு வாரத்திற்கான இருப்பு எப்போதும் வீட்டில் இருத்தல் நன்று.

வெப்ப நாட்டினர்க்கு வியப்பளிக்கும் ஆபத்து ஒன்றும் உண்டு. பழைய வகை இயந்திரங்களின் கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவுக்குக்கூடக் குறையும். கடற்காற்றின் ஈரம் அங்கே பனிக்கட்டியாக உறைந்து காற்றுவழியை அடைத்துவிடும். வெளியே வெயில் காயும்; உள்ளே பனி படியும். இயந்திரத்தின் வலு மெல்ல மெல்லக் குறைவதே அதன் அறிகுறி. அக்குறைவை உடனே கவனித்து வெப்பக்காற்றைத் திறந்துவிடும் விமானி தப்பிப்பார். சிறிது நேரம் பார்ப்போம் என்று காத்திருப்பவர்க்கு இடர்தான். உடலிலும் பல சிக்கல்கள் இவ்வாறே தொடங்குகின்றன. சிறுநீர் சிறிது சிறிதாகக் குறைவது, காலில் வீக்கம் ஏறுவது, முன்பு ஏறிய படிகளில் இப்போது மூச்சு வாங்குவது ஆகியவை வலியற்றவை; ஆதலால் புறக்கணிக்கப்படுபவை.

புலன்கள் பொய்யுரைக்கும் வேளை

கடலின் மேல் மூட்டம் படரும் நாளில் நீரும் வானும் ஒரே நிறமாகி அடிவானம் மறைந்துவிடும். அப்போது விமானி தன் உடலின் உணர்வை நம்பினால் ஆபத்து. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் நீர்மத்தின் அசைவைக் கொண்டே நாம் திரும்புவதை உணர்கின்றோம். விமானம் ஒரே சீராக ஏறத்தாழ 20 நொடிகள் திரும்பிக்கொண்டிருந்தால், நீர்மமும் குழலோடு சேர்ந்தே சுழல்வதால் அசைவு உணரப்படாது. சுழன்று இறங்கும் விமானம் நேராகச் செல்வதாகவே தோன்றும். தலைசுற்றல் நோய் உடையவர்கள் இதன் மறுபக்கத்தை அறிவர்: அசையாது படுத்திருக்கும்போதே அறை சுழல்வதாக அவர்களின் செவி கூறும்.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி இல்லாத 20 விமானிகளிடம் வெளிக்காட்சியை மறைத்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 178 நொடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. மேகத்தினுள் உணர்வை விடுத்துக் கருவியை நம்பு என்று விமானிகளுக்கு மீண்டும் மீண்டும் கற்பிக்கப்படுவது இதனால்தான்.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்னும் சொல்லை எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கின்றோம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகுந்திருப்பதை உடல் பெரும்பாலும் உணர்த்துவதில்லை. அழுத்தமானியும் சர்க்கரைமானியும் காட்டும் எண்களே அங்கு அடிவானம்.

மலைகளை நெருங்கும்போது இருப்பிடம் பற்றிய ஐயமே பெரிய எதிரி. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், ஹஜ் பயணம் மேற்கொண்ட இந்தோனேசியர்களை ஏற்றிக்கொண்டு சுரபாயாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்த மார்ட்டினேர் நிறுவனத்தின் பெரிய ஜெட் விமானம், மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். நிலையத்தை நெருங்கிவிட்டதாகத் தவறாகக் கணித்து, மலைநாட்டின் மேல் இருக்கும்போதே உயரத்தைக் குறைத்ததே அதற்குக் காரணம்.

ஆகையால், சிறு விமானத்தில் இலங்கை செல்வோர்க்கு மூன்று நெறிகள் கூறப்படும். முதலாவது, மலையின் மேல் குறுக்கே செல்லாமல் கரையோரச் சமவெளி வழியாகச் செல்வது. பீதுருதாலகாலவைப் போதிய இடைவெளியோடு கடக்க 10,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். அவ்வுயரத்தில் நெடுநேரம் பறந்தால் ஆக்சிஜன் குறைந்து அறிவு மங்கத் தொடங்கும். இரண்டாவது, காலையிலேயே பறப்பது. நண்பகலுக்குப்பின் மலைச்சரிவுகளில் மேகம் திரளும். மூன்றாவது, காற்று வீசும் திசைக்கு மறுபுறமுள்ள மலைச்சரிவை நெருங்காதிருப்பது. அங்கே காற்று கீழ்நோக்கி இறங்கும், சிறு இயந்திரத்தால் அதை எதிர்த்து ஏற இயலாது.

விமானி தன்னையே சோதித்தல்

புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும் விமானி, தன்னையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது பயிற்சியின் பகுதி. ஆறு கேள்விகள் அதற்கு உண்டு. உடல்நலக் குறைவு ஏதேனும் உள்ளதா? என்ன மருந்து உட்கொண்டேன்? மனத்தில் கவலை அழுத்துகின்றதா? மது அருந்தினேனா? போதிய உறக்கம் உண்டா? உண்டேனா, நீர் பருகினேனா? சளிக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள்கூட உறக்கத்தைத் தருவதால், அவற்றை உட்கொண்ட நாளில் பறக்கலாகாது.

இவ்வாறு கேள்விகளை உடனிருப்போர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகின்றோம். கட்டிலின் அருகே தரையில் துண்டை விரித்துப் பல இரவுகள் கண்விழிக்கும் தாயோ, மனைவியோ, மகனோ அங்கே துணைவிமானியைப் போன்றவர். மருந்து வேளையை நினைவில் வைப்பவரும், மாற்றத்தை முதலில் காண்பவரும் அவரே. அவர் உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால் பிழை நேரும். தம் சர்க்கரை மாத்திரையையே மறந்துவிட்டு மயங்கிச் சரியும் உடனிருப்போரும் உண்டு. இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என முறை வைத்துக்கொள்வதில் பாசக்குறைவு ஏதுமில்லை.

பட்டியல் பிறந்த கதை

இரத்மலானையில் முதல் விமானம் இறங்குவதற்கு 28 நாள்களுக்கு முன், 1935 அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இயந்திர விமானமொன்று சோதனைப் பறத்தலின்போது விழுந்து எரிந்தது. ஓட்டியவர் தேர்ந்த விமானியான மேஜர் ஹில். இயந்திரத்தில் பழுதில்லை. தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதிருக்கப் பூட்டிவைத்த பூட்டை விடுவிக்க மறந்ததே காரணம். அவரும் உடனிருந்த மற்றொருவரும் உயிரிழந்தனர். அதன்பின் விமானிகள் செய்த மாற்றம் மிக எளியது: செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு முறையும் படித்துச் சரிபார்த்தனர். திறமை மிக்கவரும் மறப்பர் என்பதை ஏற்றுக்கொண்டதே அவ்வழக்கத்தின் அடிப்படை.

2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் அதன் வழிவந்தது. அதில் 19 குறிப்புகள். நிறுத்தி நிதானிக்க மூன்று இடங்கள்: மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளர் அரங்கை விட்டு நீங்குமுன். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைக் கைக்கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. அறுவைக்குப்பின் நேர்ந்த சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும், இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும் குறைந்தன.

ஆகவே, அறுவை நாளில் பெயர் என்ன, எந்தக் கால், எந்த மருந்து ஒவ்வாது, கடைசியாக எப்போது உண்டீர்கள் என்று வெவ்வேறு பணியாளர் மீண்டும் மீண்டும் கேட்டால், முன்பே சொல்லிவிட்டோமே என்று சினங்கொள்ள வேண்டாம். உண்மையையே கூறுங்கள். பசி தாளாதென்று ஒரு வாய் காப்பி கொடுத்துவிட்டு, அறுவை தள்ளிப்போகுமே என்றஞ்சி மறைப்போர் உண்டு. மயக்க நிலையில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. சொல்லிவிட்டால் சில மணி நேரம் தள்ளிப்போகும்; அவ்வளவே.

திரும்பும் முடிவைத் தரையில் எடுத்தல்

ஊர் போய்ச் சேர வேண்டும் என்னும் ஆவல் பல விமானிகளை மேகத்தினுள் இழுத்துச் சென்றுள்ளது. பாதித் தொலைவு வந்தாயிற்று, அங்கே உறவினர் காத்திருக்கின்றனர், இன்னும் சிறிது தூரந்தானே என்று மனம் வாதிடும். அதனால்தான் திரும்பும் எல்லையைத் தரையில் இருக்கும்போதே வகுத்துக்கொள்கின்றனர்: மேகம் இவ்வளவு தாழ்ந்தால், எரிபொருள் இவ்வளவாகக் குறைந்தால், இன்ன நேரத்திற்குள் கரை தென்படாவிட்டால் திரும்பிவிடுவது. வானில் வாதத்திற்கு இடமில்லை. மானாவாரி உழவர்க்கும் இது புதிதன்று; விதையைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணின் ஈரம் போதாதென்று காத்திருக்கும் பொறுமையை அவர்கள் அறிவர்.

நோயாளரும் வீடு திரும்புமுன்பே இவ்வெல்லையை வகுத்துக்கொள்ளலாம். நள்ளிரவில், அச்சத்தின் நடுவே, செலவை எண்ணிக்கொண்டு எடுக்கும் முடிவைவிட, மருத்துவர் எதிரில் அமர்ந்து எடுக்கும் முடிவு தெளிவாக இருக்கும். டிஸ்சார்ஜ் நாளில் பின்வருவனவற்றைக் கேட்டு, படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வர வேண்டும்? காய்ச்சல், இரத்தக்கசிவு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவு தடுமாறல் ஆகியவற்றுள் எவை எம் நோய்க்குப் பொருந்தும்?

2. எந்த அறிகுறிக்கு மறுநாள் காலை வரை காத்திருக்கலாம்?

3. பழைய மாத்திரைகளுள் எவற்றை நிறுத்த வேண்டும், எவற்றைத் தொடர வேண்டும்? நாட்டு மருந்து உட்கொண்டால் அதையும் இங்கே சொல்லுங்கள்.

4. இரவில் அழைக்க வேண்டிய எண் எது? எம் ஊருக்கு அருகில் முதலுதவி பெறத்தக்க மருத்துவமனை எது?

5. வாகனம் யாருடையது? அவரிடம் முன்னரே சொல்லிவைத்தாயிற்றா?

6. இனி விமானத்தில் பயணம் செய்யலாமா, எப்போது? நுரையீரல் நோய், அண்மையில் நெஞ்சறுவை, கடுமையான இரத்தசோகை உடையோர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பயணிகள் விமானத்தினுள்ளும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகும். செல்வோர் தம் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்க.

எழுதிய தாளை மருந்துப் பையில் வைக்காமல், வீட்டில் அனைவர் கண்ணிலும் படுமாறு சுவரில் ஒட்டுங்கள். அதில் எழுதியுள்ள அறிகுறி தோன்றினால், நேரத்தையும் செலவையும் பற்றி வீட்டில் மறுபடியும் ஆலோசனை வேண்டாம்; புறப்பட்டு வாருங்கள்.